டிஸ்க் புதுசு, பேட் பழசு

கேரேஜ் கதவுக்குப் பக்கத்தில், வண்டியை ஓட்டிப் பார்த்து எழுதும் ட்ரையல் நோட்டு தொங்கும் ஆணிக்கு மேலே இன்னொரு ஆணி இருக்கிறது. அதில் கம்பியில் கோத்த இரண்டு பழைய பிரேக் பேட் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். புதிதாகச் சேர்ந்த உங்களில் சிலர் அதைத் திருஷ்டிக்குக் கட்டியது என்று நினைத்துக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஒருவர் வெள்ளிக்கிழமை அதற்கு ஊதுபத்தி வேறு காட்டினாராம். அதைக் கேட்டுச் சிரித்ததில் எனக்குப் புரை ஏறி, வீட்டில் தலையில் தட்ட வேண்டியதாகிவிட்டது. ஊதுபத்தி வேண்டாம். அதை மாட்டியவன் நான். மாட்டிய காரணத்தைச் சொன்னால், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் நீங்கள் என்னிடம் போனில் அடிக்கடி கேட்கும் கேள்விக்கும் பதில் வந்துவிடும்.

கேள்வி இதுதான்: சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கைப் புதிதாகப் போடும்போது, அதைக் கவ்விப் பிடிக்கும் பேடையும் மாற்றத்தான் வேண்டுமா, பழைய பேடில் இன்னும் பாதி இருக்கிறதே?

மாற்ற வேண்டும். பதில் அவ்வளவுதான். சக்கரத்தைக் கழற்றுவது, பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரைத் தூக்கிக் கட்டுவதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், அதற்குள் நான் போகவில்லை. ஆனால் இதே கேள்விக்கு நான் பல வருஷம் தலைகீழான பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். தெரியாமல் சொன்னதாக நினைக்காதீர்கள். தெரிந்துதான் சொன்னேன்.

நான் தாராவியில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் சந்தில் எண்ணெய் டின் வாளியாகும், வாளி பூச்செடி வைக்கப் போகும், அதுவும் உடைந்தால் எடைக்குப் போய் வேறு ஒன்றாகத் திரும்பி வரும். கிறிஸ்துமஸ் ஸ்டாருக்கு ஒட்டிய காகிதத்தை அடுத்த வருஷத்துக்கு இஸ்திரி போட்டு எடுத்து வைக்கிற வீடு எங்கள் வீடு. பாதி மிச்சம் இருக்கிற ஒன்றைத் தூக்கிப் போடச் சொன்னால் எனக்குக் கை வராது. இந்தக் குணத்தோடு செம்பூர் கேரேஜில் பிரேக் வேலைக்கு வந்தேன். வந்த சில வருஷத்தில் என் மேஜைக்கு அடியில் ஒரு பெரிய பிஸ்கட் டப்பா முளைத்தது. கழற்றிய பேடுகளில் பாதி மிச்சம் உள்ளதெல்லாம் அதற்குள் போகும். ஜோடி ஜோடியாகச் சணலால் கட்டி, எந்த வண்டி என்று எழுதியும் வைப்பேன். கூட வேலை செய்தவர்கள் அதற்கு என் பேரிலேயே 'தாமஸ் மியூசியம்' என்று பேர் வைத்தார்கள். நான் கோபப்பட்டதில்லை. எவனாவது அவசரத்துக்கு வந்து நின்றால், டப்பாவைத் திறந்து ஒரு ஜோடி எடுத்துக் கொடுக்கும்போது எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

எங்கள் கேரேஜுக்கு வண்டி கொண்டுவரும் டீச்சர் ஒருத்தி இருந்தாள், அவளும் எங்கள் பக்கத்துப் பெண்தான். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், வீடு தாராவி. திலக் நகரில் பெண்களுக்கு மட்டும் டிரைவிங் ஸ்கூல் நடத்தினாள். ஸ்கூல் என்றால் ஒரே ஒரு வெள்ளை வண்டி, அதன் தலையில் ஒரு போர்டு, இடதுபக்க சீட்டில் அவள் காலுக்குத் தனியாக ஒரு பிரேக் பெடல். அவளை எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டோம், நானும் அப்படியே கூப்பிட்டேன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். பிரேக்கைப் பற்றி நான் கற்றுக்கொண்டதில் பாதி அவளிடம் கற்றதுதான். நாமெல்லாம் வண்டியை நாமே ஓட்டிப் பார்த்து பிரேக் எப்படி என்று சொல்கிறோம். அவள் அடுத்தவர் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து, நாள் முழுக்க, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தவள்.

ஒரு சனிக்கிழமை அவள் வண்டி வந்தது. மிதித்தால் பெடல் உதறுகிறது என்றாள். கழற்றினால் முன்பக்கம் இரண்டு டிஸ்க்கும் வரி வரியாகத் தேய்ந்து, ஓரத்தில் தட்டுக்கு இருப்பதுபோல விளிம்பு எழும்பி நின்றது. டிஸ்க் மாற்றுவதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பேட் மூன்று மாதம் முன்னால் போட்டது, பாதிக்கு மேல் இருந்தது.

பேடையும் சேர்த்து மாத்தணுமா என்று அவள் கேட்டாள். கேட்டாளே, அதைக் கவனியுங்கள். அவள் காசைப் பார்க்கவில்லை, மாற்று என்றிருந்தால் மாற்றியிருப்பாள். நான்தான் பேடை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டி, இவ்வளவு சதை இருக்கும்போது எதுக்குத் தூரப் போடணும், ரெண்டு நாள் ஓட்டினா செட் ஆயிடும் என்றேன். பேடைத் திருப்பி, டிஸ்க்கில் உரசும் அதன் முகத்தைப் பார்க்கவில்லை. கனத்தை மட்டும் பார்த்தேன்.

ட்ரையல் ஓட்டினேன். மிதித்தால் நின்றது. கொஞ்சம் யோசித்துவிட்டு நின்றது. அந்த யோசனை எனக்குக் காலில் தெரிந்தது, ஆனாலும் ட்ரையல் நோட்டில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாட்டுங்காவில் இருந்தவர், பாலக்காட்டுக் குடும்பம். ஒரு ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டையர் ஆன கையோடு டீச்சரிடம் கார் கற்றுக்கொள்ள வந்தார். வீட்டில் கார் இருந்தது. மாமாவுக்குக் கண் சரியில்லாமல் போனதிலிருந்து அது உறை போட்டபடி கீழே நின்றது. மாமிக்குக் கல்யாணில் ஒரு அக்கா. முட்டி வலி, ஸ்டேஷன் படி ஏற முடியாது, அதனால் இரண்டு வருஷமாக மாட்டுங்கா பக்கமே வரவில்லை. அக்காவைத் தானே போய்க் கூட்டிக்கொண்டு வரவேண்டும், முன் சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்று மாமிக்கு ஒரே பிடிவாதம். ஆனால் டெஸ்டில் இரண்டு தடவை பெயில். இரண்டு தடவையும் பிரேக்தான். நிறுத்தச் சொன்னால் ஒரேயடியாக மிதித்து, டெஸ்ட் எடுக்கிறவரின் நெற்றி கண்ணாடியில் முட்டப் பார்த்ததாம். மூன்றாவது டெஸ்ட் புதன்கிழமை. மாமா காரை வாங்க ஒரு ஆளைப் பேசி வைத்துவிட்டு, இந்த முறையும் போச்சென்றால் வியாழக்கிழமை கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை காலை வகுப்பு தேவ்நார் பக்கம். ஆட்டுச்சந்தை இருக்கிற இடம், அங்கே ரோட்டில் ஆடு வருவது புதிதா என்ன, வந்தது. ஒரு முப்பது நாற்பது ஆடு, முன்னால் கொம்பு சுருண்ட ஒரு பெரிய கிடா. மாமி மிதித்தார். வண்டி நிற்கவில்லை. டீச்சரும் தன் பெடலை மிதித்தாள். இரண்டு பெண்களும் சேர்ந்து மிதித்த பிறகு வண்டி நகர்ந்து நகர்ந்து போய், கிடாவின் மூக்கு பம்பரில் இடிக்கும் இடத்தில் நின்றது. கிடா நகரவில்லையாம். பானெட் மேல் முன்னங்கால் இரண்டையும் தூக்கி வைத்து, கண்ணாடி வழியாக இவர்களை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் இறங்கிப் போயிற்றாம். இதைப் பின்னால் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அன்றைக்கு அந்த இடத்தில் ஆட்டுக்குப் பதில் ஒரு குழந்தை நின்றிருந்தால் என்ற நினைப்பு மட்டும் என்னை இன்றைக்கும் விடவில்லை.

டீச்சர் அங்கிருந்தே போன் செய்தாள்.

"அண்ணே, பிரேக் பிடிக்கு. ஆனா சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? புது டிஸ்க் அப்படித்தான் இருக்கும், மாமியை நல்லா அழுத்தி மிதிக்கச் சொல்லு என்றேன். என் வேலைக் காலத்தில் நான் சொன்னதிலேயே மோசமான வார்த்தை அது. பேட் தப்பாகப் போனதைக்கூட விடுங்கள், எல்லாரும் ஒரு நாள் தப்பு செய்வோம். வண்டியைப் பார்க்காமலேயே அடுத்தவர் காலைக் குறை சொன்னேனே, அதைச் சொல்கிறேன். அந்தப் போன் ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது. மாமி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அரை மணியில் வண்டி கேரேஜுக்கு வந்தது. டீச்சர்தான் ஓட்டிவந்தாள், ஊர்ந்து ஊர்ந்து. மாமி பின் சீட்டில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டெஸ்டுக்குப் போகவில்லை, கால்ல பலமே இல்லை, இனிமேல் இது நமக்கு வேண்டாம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாராம். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு என்னவோ போலாகிவிட்டது. டீச்சர் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. மாமியை இறங்கச் சொல்லிப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தாள். பிறகு சொன்னாள்:

"நீங்க கழட்டிப் பாருங்கண்ணே. மாமி முன்னாலயே பாருங்க."

சக்கரத்தைக் கழற்றினேன். புது டிஸ்க்கைப் பார்த்ததுமே விஷயம் விளங்கிவிட்டது. பேட் நன்றாக உட்கார்ந்திருந்தால் டிஸ்க் முழுக்க ஒரே மாதிரி பளபளப்பு வந்திருக்க வேண்டும். அதில் இரண்டே இரண்டு மெல்லிய வளையம் மட்டும் மின்னியது, மீதி இடமெல்லாம் கடையிலிருந்து வந்த நிறத்தில் அப்படியே இருந்தது. பேடை எடுத்துத் திருப்பினேன். பழைய டிஸ்க்கின் மேடு பள்ளமெல்லாம் அதன் முகத்தில் அச்சாகப் பதிந்திருந்தது. பழைய டிஸ்க்கோடு அது கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. தட்டையான புது டிஸ்க்கில் அந்த மேடுகள் மட்டும்தான் தொட்டன. கனம் பாதிக்கு மேல் இருந்தது வாஸ்தவம். அந்தக் கனத்தால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

இந்த இடத்தில்தான் நான் கொஞ்சம் தடுமாறினேன், உங்களிடம் மறைக்கவில்லை. மாமிக்கு பேடும் தெரியாது டிஸ்க்கும் தெரியாது. சரி பண்ணிடறேன் மாமி என்று பொதுவாகச் சொல்லிவிட்டு மாற்றிப் போட்டிருக்கலாம். சுற்றி நின்ற பசங்களுக்கு முன்னால் என் மானமும் போயிருக்காது. ஆனால் மாமி தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். காலைச் செருப்பிலிருந்து எடுத்து, விரலை மடக்கி நீட்டிப் பார்த்தார். அதைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

"மாமி, உங்க கால்ல ஒரு குத்தமும் இல்ல. குத்தம் என்னுது. மாத்த வேண்டிய சாமானை மாத்தாம விட்டேன். போன்ல உங்களைச் சொன்னதும் தப்பு."

மாமி கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் பேடை வாங்கி முகத்தருகே வைத்துப் பார்த்தார். பிறகு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அப்போ என் கால் நல்ல காலாக்கும்."

நல்ல கால்தான் என்றேன். இதை எங்காத்துக்காரரிடம் சொல்ல வேண்டும் என்றார். சொல்லுங்கள் என்றேன். நான் சொன்னால் அவர் நம்ப மாட்டார், நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று அங்கேயே போனைப் போட்டு என் கையில் கொடுத்துவிட்டார். கையெல்லாம் கருப்பாக, சக்கரம் கழன்ற வண்டிக்கு முன்னால் குத்தவைத்தபடி, முன்பின் தெரியாத ஒரு மனிதரிடம், சார், உங்க வீட்டம்மா கால் நல்லா இருக்கு, தப்பு என் பேர்ல என்று ஒப்பித்தேன். கேரேஜ் முழுக்கக் கேட்டுக்கொண்டு நின்றது. அதற்கு மாமா, ஆடு பத்திரமா இருக்கா என்று கேட்டார். டீச்சர் சிரித்த சிரிப்பில் ஜாக் நழுவியிருக்கும்.

அன்று மத்தியானமே புது பேட் போட்டேன். அந்த இரண்டு வளையத்தால் டிஸ்க்குக்குக் கெடுதல் உண்டா என்று விரலால் தடவியும் அளந்தும் பார்த்தேன். நல்ல வேளை, இரண்டு நாள்தானே, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வேலை அதோடு முடியவில்லை. புது பேடும் புது டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழக வேண்டும். நல்ல வேகத்தில் போய், இதமாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, முழுக்க நிற்கவிடாமல் காலை எடுத்து, ஆறவிட்டு, மறுபடி அழுத்த வேண்டும். இப்படிப் பத்துப் பதினைந்து தடவை. இந்த பம்பாயில் நிற்காமல் ஓட்ட ரோடு எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். விடியற்காலை ஆறு மணிக்கு இருக்கிறது. செவ்வாய்க்கிழமை நாங்கள் மூன்று பேரும் செம்பூரைத் தாண்டி, பெரிய மதிலோரமாக நேராகப் போகும் ஒரு ரோட்டுக்குப் போனோம்.

முதல் நாலைந்து தடவை நானே ஓட்டினேன். பிரேக் கெட்டியாகப் பிடிக்கிறது என்று எனக்கு நிச்சயமான பிறகு வண்டியை ஓரம் கட்டினேன். மீதியையும் நானே முடிப்பதுதான் வழக்கம். ஆனால் நாளைக்கு அந்த பெடலில் இருக்கப்போவது மாமியின் கால். அந்தக் கால் நேற்று ஆட்டைப் பார்த்துப் பயந்திருக்கிறது. டீச்சரைப் பார்த்தேன், அவள் தலையை ஆட்டினாள். நான் இறங்கிப் பின் சீட்டுக்குப் போனேன்.

மாமிக்கு இதுவரை பிரேக் என்றால் நிறுத்துவது. நிறுத்தாமல் அழுத்துங்கள் என்றால் அவருக்கு விளங்கவில்லை. முதல் தடவை வழக்கம்போல ஒரே மிதி, என் மூக்கு முன் சீட்டில் மோதியது. இரண்டாவது தடவையும் மோதியது. அப்புறம் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். சின்ன வயதில் பாட்டு கற்றுக்கொண்டவர். ஆதி தாளத்தில் எட்டு எண்ணட்டுமா என்று கேட்டார். எண்ணுங்கள் என்றேன். ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டு, எட்டு எண்ணிக்கைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினார், எட்டாவதில் விட்டார். வண்டி தண்ணீரில் போவதுபோல வேகம் குறைந்தது. டீச்சர் தன் பெடலிலிருந்து காலை எடுத்து, சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் அப்படி உட்கார்ந்து அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. இப்படி எட்டு எட்டாக எண்ணி, பத்து தடவை முடிந்தபோது பேடும் பழகியிருந்தது, மாமியின் காலும் பழகியிருந்தது. இரண்டு டெஸ்டுக்கும் யாரும் சொல்லித்தர முடியாமல் போன ஒன்றை, என் தப்பைத் திருத்தப் போன இடத்தில் அவர் தானாகக் கற்றுக்கொண்டார். எனக்கு அன்றைக்கு ஏற்பட்ட சந்தோஷம் என் பிள்ளைகள் பாஸானபோதுகூட ஏற்பட்டதில்லை, இதை வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.

புதன்கிழமை எனக்கு வேலையே ஓடவில்லை. மத்தியானம் டீச்சர் போன் செய்தாள்.

"கடைசில டெஸ்ட் எடுக்கிறவரு நிறுத்துங்கன்னாரு. வண்டி நின்னதே அவருக்குத் தெரியலண்ணே. நிறுத்துங்கம்மா, நிறுத்துங்கம்மான்னு ரெண்டு மட்டம் சொல்லிட்டாரு."

பாஸ். அன்று சாயங்காலம் என் மியூசியத்தை வெளியே இழுத்தேன். சணல் முடிச்சையெல்லாம் அவிழ்த்து, டப்பாவோடு தூக்கிக்கொண்டு போய் எங்கள் சந்தில் எடைக்கடையில் கொடுத்தேன். இரும்பாக உருகி வேறு எதற்காவது போகட்டும், அந்த மட்டில் என் தாராவி மனசுக்கும் ஆறுதல். டீச்சர் வண்டியிலிருந்து கழற்றிய ஜோடியை மட்டும் கம்பியில் கோத்து, ட்ரையல் நோட்டுக்கு மேலே மாட்டினேன். 'சரி' என்று எழுதப் போகும் ஒவ்வொரு தடவையும் அது என் கண்ணில் படவேண்டும் என்பதற்காக. உங்கள் கண்ணிலும் படட்டும். வண்டி சொன்ன பேச்சு கேட்கவில்லை என்று ஒருவர் வந்து சொன்னால், முதலில் சக்கரத்தைக் கழற்றுங்கள். அவர் காலைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து கேரேஜில் ஒரு வேலை பாக்கி இருந்ததால் வந்திருந்தேன். வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பழைய நீலக் கார் ரோட்டிலிருந்து திரும்பி நேராக என்னைப் பார்த்து வந்தது. ஸ்டியரிங்கில் மாமி. முன் சீட்டில் அதே ஜாடையில் இன்னும் வயதான ஒரு அம்மாள், மடியில் பெரிய தூக்குச் சட்டி. பின் சீட்டில் மாமா, இரண்டு கையாலும் மேல் பிடியைப் பிடித்துக்கொண்டு.

உள்ளே இருந்தவர்கள் என்னை நகரச் சொல்லிக் கத்தினார்கள். நீங்கள் யாரும் இதைச் செய்யாதீர்கள், நான் செய்தது பைத்தியக்காரத்தனம். ஆனால் மாமியின் விரல் ஸ்டியரிங்கில் தட்டுவது எனக்குத் தெரிந்தது. நானும் மனசுக்குள் எண்ணினேன். எட்டாவது எண்ணிக்கையில் வண்டி என் செருப்புக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. கையிலிருந்த டீயோடு நான் நின்ற இடத்திலேயே நின்றிருந்தேன்.